வாயிலோன் கடன்

வழக்குரை காதையை மேடையேற்றாத தமிழ்ச் சங்க ஆண்டு விழா அரிது. தில்லிக்கு வந்து சேர்ந்த இந்த இருபத்து நான்கு ஆண்டுகளில் அக்காட்சியை எத்தனையோ முறை கண்டிருக்கின்றேன். கண்ணகி வேடத்துக்குப் பெண்பிள்ளைகளிடையே போட்டி இருக்கும்; பாண்டியன் வேடத்துக்கு ஆண்பிள்ளைகளிடையே போட்டி இருக்கும். வாயிற்காவலன் வேடமோ, வசனம் மனப்பாடம் ஆகாத பிள்ளை எவனோ அவனிடம் கடைசியில் போய்ச் சேரும். ஓர் ஆண்டு அது என் மகனுக்கே வாய்த்தது. அட்டையில் வெட்டிய வேலைப் பிடித்தபடி உள்ளே ஓடி, நான்கு வரி சொல்லிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றான். கைதட்டல் ஒன்றும் எழவில்லை. நானும் அன்று அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

இப்போது நினைத்துப் பார்க்கின்றேன். அந்தக் காவலன் செய்தது என்ன? கணவனை இழந்த ஒருத்தி, கையில் ஒற்றைச் சிலம்போடு, காண்பவர் நடுங்கும் கோலத்தில் அரண்மனை வாயிலில் வந்து நிற்கின்றாள். ஊரால் அறியப்படாதவள், வேற்று நாட்டிலிருந்து பிழைக்க வந்தவள். அவளை அவன் விரட்டியிருக்கலாம். அரசி தீக்கனாக் கண்டு கலங்கியிருக்கின்றாள், இது நேரமன்று என்றிருக்கலாம். அவன் அவற்றுள் ஒன்றும் செய்யவில்லை. அஞ்சினான், அஞ்சியதையும் ஒளிக்காமல், தான் கண்டதைக் கண்டபடியே அரசனிடம் போய்ச் சொன்னான். அவள் உள்ளே வந்தாள். பின்னர் நடந்தவற்றையெல்லாம் நாம் அறிவோம். ஆனால் அந்த வழக்கு அவையேறியது பாண்டியனின் பெருந்தன்மையால் மட்டுமன்று. பெயர்கூடச் சொல்லப்படாத ஒரு காவலனின் நேர்மையால் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

நான் நடுவணரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தன். வாயிலில் நிற்பவர்களின் சாதியைச் சேர்ந்தவன் என்றே என்னைச் சொல்லிக்கொள்ளலாம். ஆகவே இக்கட்டுரையில், நம் பிள்ளைகள் பயிலும் பல்கலைக்கழகங்களிலும் விடுதிகளிலும் நேரும் கொடுமையைச் சொல்லலாமா, யாரிடம் சொல்வது, சொன்னவனுக்கு யார் துணை என்ற வினாக்களை வாயிலின் பக்கத்திலிருந்தே பார்க்க விரும்புகின்றேன். அதற்குத் தகுதியாக என்னிடம் இருப்பவை இரண்டு பிழைகள். இரண்டும் நான் செய்தவை.

முதலாவது ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முற்பட்டது. அப்போது நான் ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் இருந்தேன். வரும் கடிதங்களைப் பதிவேட்டில் ஏற்றி, எண்ணிட்டு, உரிய மேசைக்கு அனுப்புவது என் வேலை. ஒருநாள் உச்சிவேளையில், தற்காலிகப் பணியிலிருந்த இளம்பெண் ஒருத்தி, கையால் எழுதிய நான்கு பக்க மனுவொன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். மேலதிகாரி ஒருவரின் நடத்தையைப் பற்றியது. நான் படித்துப் பார்த்தேன். படிக்காமல் இருந்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. படித்துவிட்டு, "இது உரிய வழியாக வரவில்லையே, அம்மா" என்று திருப்பிக் கொடுத்தேன். அரசு ஊழியர் அனைவருக்கும் தெரிந்த தொடர் அது. கீழிருப்பவன் எழுதும் எதுவும் அவனுக்கு மேலிருக்கும் அதிகாரியின் கையொப்பத்தோடு மேலே செல்ல வேண்டும். அவளுக்கு மேலிருந்த அதிகாரி, அந்த மனுவில் பேசப்பட்டவரேதான். அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். மறுமாதம் அவள் இருக்கையில் வேறொருத்தி அமர்ந்திருந்தாள். விதிப்படிதான் நடந்தேன் என்று சொல்லி அன்று உறங்கினேன். உறக்கமும் வந்தது, அதுதான் இன்று உறுத்துகின்றது.

இரண்டாவது பிழை வீட்டில் நேர்ந்தது. என் மகன் வட மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் படிக்கச் சேர்ந்தான். பணம் கட்டிச் சேர்க்க வக்கில்லாத குடும்பம் எங்களுடையது. அவன் தேர்வெழுதிப் பெற்ற இடம் அது. சேர்ந்த மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை இரவு கைப்பேசியில் அழைத்தான். சாப்பாடு, படிப்பு, மழை என்று வழக்கமான பேச்சுக்குப் பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்பா, இங்கே இரவில் தூங்க விடமாட்டேன் என்கிறார்கள்" என்றான். மூத்த மாணவர்கள் ஒரு மணிக்குக் கதவைத் தட்டி எழுப்புகின்றனர். வரிசையில் நிற்க வைக்கின்றனர். 'மதராசி' என்றழைத்துப் பாடச் சொல்லி, ஆடச் சொல்லிச் சிரிக்கின்றனர். சட்டை துவைக்கச் சொல்கின்றனர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முதல் வருஷம் அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள். வந்த இடத்தில் நமக்கு எதற்கு வம்பு?" என்றேன். அவனும் "சரிப்பா" என்றான். அருகில் நின்ற என் மனைவி, "என்னங்க, பிள்ளை குரலே சரியில்லையே" என்றாள். அவளையும் அடக்கினேன்.

'வந்த இடத்தில் நமக்கு எதற்கு வம்பு' என்ற அத்தொடரைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களிடம் சிறிது மனம்விட்டுப் பேச வேண்டும். இது நம்மோடு இரயிலேறி வந்த தொடர். வீட்டுக்காரன் வாடகையை உயர்த்தும்போதும், அலுவலகத்தில் நம் மொழியைக் கேலி செய்யும்போதும், பேருந்தில் நம் இருக்கையைப் பறிக்கும்போதும் இத்தொடரைச் சொல்லியே நாம் இங்கே காலூன்றினோம். அதில் ஒரு பக்குவம் உண்டு, மறுக்கமாட்டேன். சண்டை பிடித்திருந்தால் நம்மில் பலர் இவ்வூரில் நிலைத்திருக்கமாட்டோம். ஆனால் தனக்கு நேர்வதைப் பொறுப்பது ஒன்று. தன் பிள்ளைக்கு நேர்வதைப் பொறுத்துக்கொள்ளும்படி அவனையே பழக்குவது வேறொன்று. முன்னது பொறுமை. பின்னதற்கு அப்பெயரைச் சூட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஐந்து நாள் கழித்து நள்ளிரவுக்குப் பின் மீண்டும் அழைத்தான். இம்முறை அவனுக்காக அன்று. அவனுடைய அறையில் தங்கியிருந்த பீகார் மாநிலத்துப் பையனை மூத்தவர்கள் அறைந்ததில் இடக்காதில் குருதி வந்திருக்கின்றது. மருத்துவமனையில் செவிப்பறை கிழிந்துவிட்டது என்றனர். அந்தப் பையன் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டான். நடந்ததை நேரில் கண்டவன் என் மகன் ஒருவன்தான். அப்போது அவன் என்னிடம் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். "அப்பா, நான் பார்த்ததைச் சொன்னால் அது காட்டிக் கொடுப்பது ஆகாதா? முதல் நாள் எனக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டவனும் அவர்களில் ஒருவன்தான்."

எளிதில் விடை சொல்லத்தக்க கேள்வியன்று அது. தமிழில் பிறர் குற்றத்தைச் சொல்வதற்கு எத்தனை சொற்கள், பாருங்கள். கோள் சொல்லுதல், புறங்கூறுதல், போட்டுக் கொடுத்தல், காட்டிக் கொடுத்தல் என்று பெரும்பாலும் வசைச் சொற்களாகவே இருக்கின்றன. மறுபக்கத்தில் முறையிடுதல், வழக்குரைத்தல், சான்று பகர்தல் என்ற சொற்களும் உள்ளன. முன்னவை தெருவில் புழங்குகின்றன. பின்னவை ஏட்டில் உறங்குகின்றன. பள்ளிப் பருவத்திலேயே, ஆசிரியரிடம் போய்ச் சொன்னவனை மற்றப் பிள்ளைகள் ஒதுக்கி வைப்பதை நாம் பார்த்திருக்கின்றோம். நாமே ஒதுக்கியும் இருக்கின்றோம். வள்ளுவர் புறங்கூறாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதைப் படித்து வளர்ந்த பிள்ளைக்கு, சொல்வது பழியாகுமோ என்ற ஐயம் எழுவது இயல்பு.

ஆயினும் அதே வள்ளுவர் வாய்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்திருக்கின்றார். நட்பைப் பற்றிப் பேசுமிடத்தில், நண்பன் வரம்பு கடக்கும்போது முன்சென்று இடித்துரைப்பதே நட்பு என்ற கருத்தையும் வைத்திருக்கின்றார். இவை ஒன்றோடொன்று மோதுவன அல்ல. புறங்கூறுபவன் யாரிடம் போகின்றான்? கேட்டு மகிழ்பவனிடம் போகின்றான். செயல்படக் கடமைப்பட்டவனிடம் போவதில்லை. அவன் பேச்சுக்குப் பின் எவருடைய துன்பமும் குறைவதில்லை. வினவினால் தான் சொன்னதை மறுத்தும் விடுவான். முறையிடுபவனோ தடுக்கும் பொறுப்புள்ளவனிடம் போகின்றான். திருப்பிக் கேட்டால் விடை சொல்ல ஆயத்தமாக நிற்கின்றான். காட்டிக் கொடுத்தல் என்பது நம்பி அடைக்கலம் புகுந்தவனைப் பகைவனிடம் ஒப்படைப்பது. அன்றிரவு அந்த அறையில் நம்பி இருந்தவன் யார்? அடித்தவனா, அடிபட்டவனா? கட்டில் தூக்கி உதவியதற்கு நன்றிக்கடன் உண்டு, மெய்தான். அக்கடனை இன்னொருவன் காதைக் கொடுத்து அடைக்க முடியுமா?

இவற்றையெல்லாம் அன்றிரவே நான் இப்படித் தெளிவாகச் சொல்லிவிட்டேன் என்று எண்ண வேண்டா. அன்று நான் சொன்னது, "நான் வருகிறேன், இரு" என்பது மட்டுமே.

மறுநாள் இரவு வண்டியேறிப் போனேன். விடுதி அலுவலகத்தின் சாளரத்துக்குப் பின்னால் ஓர் எழுத்தர் அமர்ந்திருந்தார். ஏறக்குறைய என் வயது. என்னைப் போலவே மூக்கின் நுனியில் கண்ணாடி. மகன் எழுதிய கடிதத்தை வாங்கி முழுவதும் படித்தார். படித்துவிட்டு, விடுதிக் காப்பாளர் வழியாக வரட்டும் என்று இந்தியில் சொல்லி நீட்டினார். அந்தக் காப்பாளரோ முதல்நாளே அடிபட்ட பையனிடம், வழுக்கி விழுந்ததாகவே இருக்கட்டும், உன் படிப்புக்கு நல்லது என்று அறிவுரை கூறியவர். அச்சாளரத்தின் முன் நான் எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் என் மேசையின் மறுபுறத்திலிருந்து அந்தப் பெண் எதைப் பார்த்திருப்பாள் என்பதை அப்போது நேருக்கு நேர் பார்த்தேன்.

நாம் உறங்கிய காலத்தில் வேறு பெற்றோர் விழித்திருந்தனர் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். ராகிங் என்ற கொடுமை நம் நாட்டில் எத்தனை உயிர்களைக் குடித்தது! 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டார்; அவர் ஒரு துணைவேந்தரின் மகன். துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே அந்நிலை. அதன் பின்னரே தமிழ்நாட்டில் 1997-இல் ராகிங்கைத் தடுக்கும் சட்டம் வந்தது. உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி, நடுவண் புலனாய்வுத் துறையின் இயக்குநராக இருந்த ஆர்.கே. இராகவன் தலைமையில் அமைந்த குழு 2007-இல் அறிக்கை தந்தது. அறிக்கை வந்தும் கொடுமை நிற்கவில்லை. 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்துக் காங்கிரா மாவட்டத்தில் டாண்டா என்னுமிடத்து மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் ஒருவரை மூத்தவர்கள் அடித்ததில் அவர் மாண்டார். அவருடைய தந்தையார் அழுது ஓய்ந்துவிடவில்லை. நாடு முழுவதும் அலைந்து இதற்காகவே உழைத்தார். அவ்வாண்டிலேயே பல்கலைக்கழக மானியக் குழு கடுமையான விதிமுறைகளை வகுத்தது; 1800-180-5522 என்ற கட்டணமில்லாத தொலைபேசி எண்ணும் இரவு பகல் இயங்கத் தொடங்கியது.

அந்த எண் என் மகனின் சேர்க்கைத் தாள்களிலேயே அச்சாகியிருந்தது. சேர்க்கையின்போது மாணவனும் பெற்றோரும் தனித்தனியே உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். நானும் கையொப்பமிட்டுக் கொடுத்திருந்தேன். அன்றாடம் தாள்களோடு பழகும் எழுத்தனாகிய நான், என் பிள்ளையின் தாளைப் படிக்காமலே கையொப்பமிட்டிருக்கின்றேன்! விடுதித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டே அவ்வெண்ணை அழைத்தோம். பேசியவர் பெயர், இடம், நாள், நேரம், கண்டவர் யார் என்று பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பெயரை வெளியிட அஞ்சுகின்றீர்களா என்றும் கேட்டார். மகன் என்னைப் பார்த்தான். நான் தலையசைக்கவில்லை, அது அவன் முடிவு. "பெயர் போடுங்கள்" என்றான்.

இவ்விடத்தில் ஒரு செய்தி. அதே விதிமுறைகளுக்கு 2016-இல் செய்யப்பட்ட திருத்தம் ஒன்று, நிறம், சாதி, சமயம், பால் ஆகியவற்றோடு, ஒருவன் பிறந்த வட்டாரத்தையும் பேசும் மொழியையும் காரணமாக வைத்து அவனை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவதும் ராகிங்கே என்கின்றது. ஒதுக்கி வைப்பதையும் அதில் சேர்த்திருக்கின்றது. முதலாண்டு மாணவன் என்றில்லை, எவனுக்கு நேர்ந்தாலும் அது குற்றமே. 'மதராசி' என்ற கேலியைக் கேலியாகவே விழுங்கப் பழகிய தலைமுறை நாம். அரசாங்கத்தின் விதி நம்மைக் காட்டிலும் நம் பிள்ளைகளின் மானத்தை உயர்வாக மதிக்கின்றதே என்று எனக்குச் சிறிது வெட்கமாக இருந்தது.

பெண்பிள்ளைகளுக்கு நேரும் பாலியல் தொல்லைக்கு வேறு வாயில் உண்டு. 1997-இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட வழியில் 2013-இல் சட்டமும், உயர்கல்வி நிறுவனங்களுக்கென 2015-இல் மானியக் குழுவின் விதிமுறைகளும் வந்தன. ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், அதன் தலைமையில் மூத்த ஆசிரியை ஒருவர், வெளியாள் ஒருவர், மாணவர் தொடர்பான வழக்கானால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களும் இடம்பெறுவர். துணைவேந்தர், பதிவாளர், புலத்தலைவர் போன்ற உயர் நிருவாகிகள் அதில் உறுப்பினராகக் கூடாது. எழுத்தன் என்ற முறையில் நான் மிகவும் மெச்சியது இவ்விதியைத்தான். 'உரிய வழி' என்ற சுவரில் ஒரு சாளரத்தை உடைத்திருக்கின்றார்கள். புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருப்பின் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை தொண்ணூறு நாளில் முடிய வேண்டும். அதற்கிடையில், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணின் விடைத்தாளையோ ஆய்வையோ மதிப்பிடாதபடி விலக்கி வைக்கவும் குழு பரிந்துரைக்கலாம். ஆராய்ச்சிப் படிப்புக்கு மகளை அனுப்பியிருக்கும் பெற்றோர் இதை மனத்தில் பதித்துக்கொள்வது நன்று. நெறியாளர் ஒருவரின் கையொப்பத்தில் ஐந்தாண்டு உழைப்பு அடங்கியிருக்கும் படிப்பு அது.

விதிகள் இத்தனை இருந்தும் 2023 ஆகஸ்டில் கொல்கத்தா யாதவ்பூர் பல்கலைக்கழக விடுதியில் முதலாண்டு மாணவர் ஒருவர் மாடியிலிருந்து விழுந்து மாண்டார்; கைதானவர்களில் படிப்பை முடித்தும் விடுதியில் தங்கியிருந்த பழைய மாணவர்களும் இருந்தனர். 2025 பிப்ரவரியில் கோட்டயத்துச் செவிலியர் கல்லூரி விடுதியில் முதலாண்டு மாணவர்கள் மாதக்கணக்கில் சித்திரவதை செய்யப்பட்ட செய்தி வெளிவந்து நாட்டையே உலுக்கியது. அத்தனை மாதங்கள் அப்பிள்ளைகள் ஊமைகளா? வீட்டுக்குப் பேசாமலா இருந்திருப்பார்கள்? என் வீட்டு ஞாயிற்றுக்கிழமை இரவை நினைக்கும்போது, முதல் வாயில் அரண்மனையில் இல்லை, வீட்டில் இருக்கின்றது என்று தோன்றுகின்றது. அங்கே திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை அடுத்த வாயிலுக்கு ஏன் போகப்போகின்றான்?

இனி, எதிர்ப்பக்கத்தில் நின்று பேசுபவர்களின் சொல்லையும் கேட்க வேண்டும். என் அலுவலக நண்பர் ஒருவர், நல்லவர், "இரண்டு அறைக்காக ஒரு பையனின் வாழ்வையே அழிப்பதா? அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே?" என்றார். இவ்வினாவை நான் ஏளனமாகத் தள்ளவில்லை. பொய்ப் புகாரும் உலகில் உண்டு. இளம்வயதுத் தவறுக்கு ஆயுள் முழுதும் தண்டனை என்பதும் கொடிது. எனவேதான் முறையான விசாரணை, இருபக்கமும் கேட்பது, மேல்முறையீடு ஆகியவற்றை விதி வைத்திருக்கின்றது. மெய்ப்பிக்க இயலாமற் போவது வேறு, வேண்டுமென்றே பொய் சொல்வது வேறு என்றும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்துக் காட்டுகின்றது. ஆனால் தண்டனை கடுமையாய் இருக்கின்றதே என்பது தண்டிப்பவன் சிந்திக்க வேண்டியது. அதைக் காரணங்காட்டிச் சொல்ல வந்தவன் வாயை மூடுவது, நோய் வலிக்கும் என்று மருத்துவரிடமே போகாதிருப்பது போன்றது.

பெரியபுராணத்தில் மனுநீதிச் சோழன் கதையிலும் இப்படி ஒரு கட்டம் வருகின்றது. கன்றை இழந்த பசு மணியடித்த கதை என்று நாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றோம். நடுவில் அமைச்சர்கள் வருகின்றனர். மறைநூல் வல்லார் விதித்தபடி மைந்தனைக் கழுவாய் செய்விப்பதே முறை என்கின்றனர். இன்றைய மொழியில் சொன்னால், சமாதானமாகப் போய்விடலாம் என்பது. சோழன் கேட்கும் கேள்வி, கழுவாயால் அந்தப் பசுவின் துயர் தீருமா என்ற பொருளில் அமைகின்றது. தேர்க்காலில் மகனை இட்ட முடிவை இக்காலத்தில் எவரும் பின்பற்றச் சொல்லமாட்டார்கள்; நானும் சொல்லேன். ஆனால் எந்தச் சமாதானத்தின் முன்னும் அவன் கேட்ட அக்கேள்வியைக் கேட்டே தீர வேண்டும். இதில் பசுவுக்கு என்ன கிடைக்கின்றது? கல்லூரி நிருவாகங்கள் நிறுவனத்தின் பெயர், சேர்க்கை எண்ணிக்கை, வளாக நேர்காணலுக்கு வரும் கம்பெனிகள் என்று பலவற்றைக் கணக்கிடுகின்றன. பசு கணக்கில் வருவதில்லை.

எங்கள் வழக்கில் நடந்ததைச் சொல்கின்றேன். நான்காம் நாள் விசாரணைக் குழு கூடியது. அடிபட்ட பையன், தன் பக்கம் ஒருவன் பேசப்போகின்றான் என்று தெரிந்ததும், வழுக்கி விழவில்லை என்று வாய் திறந்தான். அவன் பொய் சொன்னது அச்சத்தால் அன்று, தனிமையால் என்று அப்போது புரிந்தது. கட்டில் தூக்கிய அந்த மூத்த மாணவனின் தந்தை கிராமத்திலிருந்து வந்திருந்தார், சிறிய விவசாயி. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மகன் பேச்சைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள் என்று என்னிடம் கண்ணீர் விட்டார். நான் உருகிப் போனேன். என் மகன்தான் உறுதியாக நின்றான். "அது என் காது இல்லையே அப்பா, நான் எப்படித் திருப்பி வாங்குவது?" என்றான். ஆனால் குழுவின் முன் அவன் கூறியதில் ஒன்றைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்த மாணவன் அடிக்கவில்லை. கதவைத் தாழிட்டு வாயிலில் நின்றான். அதை அப்படியே சொன்னான். அடித்த இருவரையும் ஓராண்டு நீக்கினார்கள். தாழிட்டவனை விடுதியிலிருந்து மட்டும் வெளியேற்றினார்கள். மெய்யை முழுமையாகச் சொல்வது குற்றவாளிக்கும் காப்பாகும் என்பதை நான் நூலில் படித்ததில்லை; அங்கே கண்டேன்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். சொன்னவனுக்கு வந்த சோதனை அதன் பின்னரே தொடங்கியது. உணவுக்கூடத்தில் அவன் தட்டோடு போய் அமர்ந்தால் மேசையில் இருப்பவர்கள் எழுந்து போவார்கள். பாடக்குறிப்பு கொடுக்கமாட்டார்கள். சுவரில் கரியால் அவன் பெயரை எழுதி, அதன் கீழே ஒற்றன் என்று எழுதினார்கள். ஒருவரும் கை ஓங்கவில்லை. ஆகவே ஒருவரையும் சுட்டிச் சொல்ல இயலவில்லை. நான்கு மாதம் இப்படி நடந்தது. இளைத்துப் போனான். ஒருநாள், "நான் சொல்லாமலே இருந்திருக்கலாமோ?" என்று அவன் தன் தாயிடம் கேட்டபோது, விடுதிக்கு அவனை அனுப்பிவிட்டோமே என்று நாங்கள் பட்ட பாடு இங்கே எழுதத்தக்கதன்று.

துணை என்று நாம் பெரிய சொல்லாகச் சொல்கின்றோம். அது அவனுக்கு எப்படி வந்தது, தெரியுமா? உணவுக்கூடத்தில் ரொட்டி சுடும் முதியவர் ஒருவர், கூட்டம் குறைந்ததும் தம் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவன் எதிரில் அமர்வாராம். ஒன்றும் பேசமாட்டார்; கூட ஒரு ரொட்டி போடுவார். கணித விரிவுரையாளர் ஒருவர், வகுப்பு முடிந்ததும் எல்லார் முன்னிலையிலும் அவனைப் பெயர் சொல்லி அழைத்து நலம் கேட்பார். என் மனைவி நாள்தோறும் இரவு ஒன்பதரைக்குப் பேசினாள். ஏன் போய்ச் சொன்னாய், உனக்கு எதற்கு என்று ஒருமுறையும் கேட்கவில்லை. நான் செய்தது எழுத்தன் வேலை. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் நாள், நேரம், இடம் குறித்து ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். கடிதம் எதைக் கொடுத்தாலும் படியெடுத்துப் பதிவு முத்திரை வாங்கச் சொன்னேன். நான்கு மாதக் குறிப்பும் சேர்ந்தபின், ஒதுக்கி வைப்பதும் குற்றம் என்ற அந்த 2016 விதியைச் சுட்டி இரண்டாம் கடிதம் கொடுத்தான். அதன் பிறகே துறைத்தலைவர் வகுப்புக்கு வந்து பேசினார், சுவருக்கு வெள்ளையடித்தார்கள்.

மனம் சோர்ந்த பிள்ளைகளுக்காக டெலி-மானஸ் என்ற பெயரில் 14416 என்ற எண் 2022 முதல் இயங்குகின்றது; தமிழிலும் பேசலாம் என்றறிந்து அவனுக்கும் கொடுத்தேன். அழைத்தானா என்று கேட்கவில்லை. மாணவர் தற்கொலைகளைப் பற்றி ஆராய 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே ஒரு தேசியப் பணிக்குழுவை அமைக்கும் அளவுக்கு இந்நாட்டில் நிலைமை இருக்கின்றது என்பதை எண்ணும்போது, ரொட்டி சுட்ட அந்த முதியவரின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றுகின்றது.

தபால் பிரிவை விட்டு நான் மாறி ஆண்டுகள் பல ஆயின. அந்தப் பெண்ணின் பெயர் மனுவின் அடியில் இருந்தது, எனக்கு நினைவில்லை. தேடிச் சென்று மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. இப்போதைய என் மேசைக்கு வரும் மனு எதையும், யாருடையதாயினும், முதலில் வாங்கி எண்ணிட்டு ஒப்புகைச் சீட்டுக் கொடுத்துவிடுகின்றேன். வழி சரியா தவறா என்பதை மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பிரிவு அலுவலர் இதற்காக என்னை இருமுறை கடிந்துகொண்டார்.

மகன் இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கின்றான். அந்தப் பீகார்ப் பையனும் அவனும் ஒரே அறையில்தான். அவனுக்கு இடக்காது இன்னும் மந்தம்; தெருவில் போகும்போது என் மகன் அவனுக்கு வலப்பக்கமாகவே நடக்கின்றானாம். சென்ற விடுமுறையில் இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். என் மனைவி தோசை வார்த்துப் போட்டாள். மேசையில் யார் எங்கே அமர்வது என்று நாங்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்களே பார்த்து உட்கார்ந்தார்கள்.